லட்சத்தீவுக்குக் கப்பலில் போகலாமா? ‘சமுத்ரம்’ சுற்றுலா பற்றி

லட்சத்தீவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இரவில் எங்கே படுப்பது என்பதைத்தான். விமானத்தில் அகத்தித் தீவுக்குப் போய் ஏதாவது ஒரு தீவில் தங்கலாம். அல்லது கொச்சியில் கப்பலேறி, பகலில் தீவு, இரவில் கப்பல் என்று கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பார்த்து வரலாம். லட்சத்தீவின் அரசு சுற்றுலா அமைப்பான ‘ஸ்போர்ட்ஸ்’ நடத்தும் ‘சமுத்ரம்’ இந்த இரண்டாவது வகை. முழங்கால் வலியுள்ள அம்மாவையும் பத்தாவது படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு, ஜனவரியில் எம்.வி. கவரத்தி கப்பலில் நாங்கள் போனது இதில்தான். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதலில் ஒரு தனியார் ஏஜென்டிடம் விசாரித்தோம். “பெர்மிட்டெல்லாம் கொச்சிக்கு வந்து பார்த்துக்கலாம் சார்” என்றார். இந்தப் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். இந்தியர்களாகவே இருந்தாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. அது கையில் வரும்வரை கொச்சிக்கு ரயில் டிக்கெட் கூடப் போடாமல் இருப்பது நல்லது.

கப்பலில் நான்கு படுக்கை உள்ள அறை எடுத்தோம். அறை சிறியதுதான், ஆனால் சுத்தம், ஏசி உண்டு. பெரியவர்கள் இருந்தால் கீழ்ப்படுக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு தீவிலும் பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலை இல்லாதது அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

இனி, யாரும் சரியாகச் சொல்லாத விஷயம். தீவைச் சுற்றிப் பவளப்பாறை இருப்பதால் கப்பல் வெளியே ஆழத்திலேயே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சின்னப் படகுக்குள் இறங்க வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். படகுக்காரர்கள் “இப்போ” என்று சொல்லும் நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். இருவர் கையைப் பிடித்துத் தாங்கிக்கொள்வதால் அம்மா சமாளித்துவிட்டார். தடியில்லாமல் நடக்கவே முடியாதவர்களை நான் இதில் கூட்டிப்போக மாட்டேன். அவர்களுக்கு விமானம்தான் சரி.

கவரத்தியில் அடியில் கண்ணாடி பதித்த படகு, மூச்சுக்குழாய் வைத்து நீந்தும் ஸ்நார்கெலிங் எல்லாம் உண்டு, மகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு அங்கே குடித்த தண்ணீர்தான் அதிசயமாக இருந்தது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த கடல்நீரை மேலே இழுத்து, மேல்மட்டத்துச் சூடான கடல்நீரிலிருந்து எடுக்கும் நீராவியை அந்தக் குளிர்ச்சியில் ஒடுக்கி நன்னீராக்குகிறார்கள். நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் அமைத்த ஆலை இது. நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் தருமாம். சுற்றிலும் உப்பு நீர் சூழ்ந்த சின்ன ஊருக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது!

கல்பேனி நீந்துகிறவர்களுக்கான இடம். 1847 புயல் கரையில் வாரிப்போட்ட பவளக் கற்களையும் பார்க்கலாம். பார்ப்பதோடு சரி, பவளத்தை எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

மினிக்காய்க்கு ஒரு பகல் போதவே போதாது. மற்ற தீவுகளில் மலையாளம் என்றால் இங்கே மாலத்தீவு மொழிக்கு நெருங்கிய மஹல். 1885-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து பார்த்தால், தென்னந்தோப்புக்கு ஒரு பக்கம் வெளிர்பச்சைக் கடல், மறுபக்கம் கருநீலக் கடல். அம்மா கீழேயே இருந்துவிட்டார், அவருக்கு வேறு வேலை இருந்தது. கம்பும் தூண்டிலும் வைத்துப் பிடிக்கும் சூரை மீனை இங்கே அவித்து, புகையிட்டு, காயவைத்து மாசி ஆக்குகிறார்கள். தூத்துக்குடியில் மாசிச் சம்பல் அரைத்தே வளர்ந்தவர் சும்மா இருப்பாரா? மொழி தெரியாத ஒரு அக்காவிடம் கையால் சைகை காட்டியே அரைமணி நேரம் பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாடு எளிமைதான், மீன் இல்லாத வேளை குறைவு. சைவக்காரர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மது கிடையாது, பங்காரம் தீவில் மட்டும்தான் அனுமதி.

மூன்று தீவையும் குடும்பத்தோடு ஒரே வீச்சில் பார்க்க நினைப்பவர்கள் தயங்காமல் இதை எடுக்கலாம். டைவிங் கற்றுக்கொள்ள வேண்டும், சாயங்காலம் கடற்கரையில் உட்கார வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது, இருட்டுவதற்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அவர்கள் கட்மத் தீவில் தங்குவது பற்றி விசாரிக்கட்டும்.