பேநவ்–யுபிஐ பணப் பரிமாற்றச் சேவை: ஒரு பயனாளரின் மதிப்புரை

சிங்கப்பூரில் பணிபுரியும் நான், கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்ப, சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ ஆகிய உடனடிப் பணச்செலுத்து முறைகளின் இணைப்பை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். முன்பு இதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா என்னும் லிட்டில் இந்தியா பகுதியில், பணம் அனுப்பும் கடைகளில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது வங்கிச் செயலியில் அம்மாவின் யுபிஐ முகவரியை இட்டால் போதும். கணக்கு எண் தேவையில்லை, ஓரிரு நிமிடங்களில் அவருடைய கணக்கில் ரூபாயாகவே சேர்ந்துவிடுகிறது.

2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய இந்தச் சேவையை வெறும் வசதியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. உலகப் பண அமைப்புகளில் வளரும் நாடுகளின் குரல் எவ்வளவு சிறியது என்பதோடு சேர்த்தே இதைப் பார்க்கிறேன். பன்னாட்டு நாணய நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்குகள் வேண்டும் என்பதால், 16 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும் அமெரிக்கா தனியொரு நாடாகவே அவற்றைத் தடுத்துவிடலாம். வளரும் நாடுகளின் பங்கைச் சற்றே உயர்த்த 2010இல் ஒப்புக்கொள்ளப்பட்ட சீர்திருத்தம்கூட, அமெரிக்க நாடாளுமன்றத்தின் இசைவுக்காகக் காத்திருந்து 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியா யுபிஐயை அறிமுகப்படுத்தியது. பிரேசிலின் மத்திய வங்கி 2020 நவம்பரில் பிக்ஸ் என்ற தன் உடனடிப் பணச்செலுத்துச் சேவையைத் தொடங்கியது. யாருடைய இசைவுக்கும் காத்திராமல் இந்நாடுகள் தத்தம் கட்டமைப்பைத் தாமே கட்டியெழுப்பின. அவற்றுள் இந்தியாவின் யுபிஐயோடு, சிங்கப்பூர் போன்ற செல்வ நாடு தன் பேநவ்வைச் சமநிலையில் இணைத்துக்கொண்டதை நான் உண்மையான செல்வாக்காகவே கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. நாணய மாற்று விகிதத்திலும் வங்கிக்கு வரும்படி இருக்கும் என்பதால், பெரிய தொகையாக இருந்தால் மற்ற நிறுவனங்களின் விகிதத்தோடு ஒப்பிட்ட பிறகே அனுப்புகிறேன். ஒருமுறை பரிமாற்றம் தோல்வியடைந்தபோது, பணம் திரும்ப இரண்டு நாள் ஆனது. காரணத்தை என் வங்கி சொல்லவே இல்லை. எல்லா வங்கிகளும் இதில் சேரவில்லை என்பதும், தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து அனுப்ப நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்றே வரம்பு வைக்கப்பட்டதும், இன்னும் துணிவாக விரிக்கப்பட வேண்டிய திட்டம் இது என்பதையே எனக்குக் காட்டுகின்றன.

இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளின் உடனடிப் பணச்செலுத்து முறைகளை ஒரே வலையில் இணைக்கும் நெக்சஸ் திட்டத்தை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். அதுவரை, மாதச் செலவுக்குச் சிறு தொகை அனுப்புவோருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.