ஆட்ப்ளூ டீசல் கார் வைத்திருக்கிறீர்களா? நாக்ஸ் சென்சார் மாற்றச் சம்மதிக்கும் முன் படியுங்கள்

பிஎஸ்6 டீசல் காரைப் பழையதாக வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். மாற்றத் தேவையே இல்லாத ஒரு நாக்ஸ் சென்சாருக்கு (புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது) என்னிடம் 41,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை, ஒன்றே முக்கால் லட்சத்துக்கு இன்னொரு எஸ்டிமேட்டும் நீட்டினார்கள்.

கார் 2021 மாடல், ஆட்ப்ளூ (புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியாக் கரைசல்) ஊற்றுகிற வகை. கோவையில் ஒரு பழைய கார் டீலரிடம் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தபோது டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. மாசுச் சான்றிதழும் புதிதாக எடுத்துக் கொடுத்தார்கள். டீசலுக்கு அந்தச் சோதனையில் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஆட்ப்ளூ சிஸ்டம் செத்துக் கிடந்தாலும் சான்றிதழ் கிடைத்துவிடும்.

கொஞ்ச நாளில் இன்ஜின் விளக்கு எரிந்தது. கூடவே, இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடினால் அதற்கப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று ஒரு எச்சரிக்கை. அதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். அந்தப் பயத்தை வைத்துத்தான் பில் போடுகிறார்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிய கையோடு, "நாக்ஸ் சென்சார் போயிடுச்சு சார், மாத்தியே ஆகணும்" என்றார் அட்வைசர். மாற்றினார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அதே விளக்கு. "பின்னாடி இருக்கிற சென்சாரும் போயிருக்கு, எஸ்சிஆர் யூனிட்டையே மாத்திடலாம்" என்றார்கள். ஆட்ப்ளூவை வைத்துப் புகையைச் சுத்தம் செய்யும் பகுதிதான் அது. பழைய சென்சாரைக் கொடுங்கள் என்றேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

முதல் ஸ்கேனின் பிரிண்டவுட் என்னிடம் இருக்கிறது. அதில் இருந்தது ஒரே ஒரு பழுதுக் குறியீடு: பி20இஇ. நைட்ரஜன் ஆக்சைடு குறைய வேண்டிய அளவு குறையவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். காரணம் சென்சாராகவும் இருக்கலாம். நீர்த்துப்போன ஆட்ப்ளூ, அடைத்துக்கொண்ட இன்ஜெக்டர், சைலன்சர் குழாயில் லீக் என்று எதுவாகவும் இருக்கலாம். சென்சாரின் சர்க்யூட்டே பழுதானால் பெரும்பாலும் பி2200 மாதிரி தனிக் குறியீடு வரும். என் பிரிண்டவுட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆட்ப்ளூவைச் சோதித்ததாக ஜாப் கார்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

இடையில் இன்னொரு கராஜில், எமுலேட்டர் (எல்லாம் சரியாக இருப்பதாக இன்ஜின் கம்ப்யூட்டரை ஏமாற்றும் கருவி) போட்டு சிஸ்டத்தையே ஆஃப் செய்து தருகிறேன் என்றார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். காற்று மாசு விதியை மீறி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும். அதைவிட, அந்தப் புகையை நம் தெருப் பிள்ளைகள்தான் சுவாசிக்க வேண்டும்.

கடைசியில் நாமக்கல்லில் ஒரு லாரி மெக்கானிக்கிடம் போனேன். பிஎஸ்6 லாரிகளில் தினமும் இதே தொல்லையைப் பார்க்கிறவர். அவர் ஸ்கேனரைத் தொடும் முன்பே டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கரைசலில் யூரியா எவ்வளவு என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். கோடு 24-ல் நின்றது. யாரோ தண்ணீர் கலந்த சரக்கை ஊற்றியிருக்கிறார்கள். அப்புறம் இன்ஜெக்டரைக் கழற்றினார். முனை முழுக்க கல்லுப்பு அப்பிய மாதிரி வெள்ளையாகக் கட்டி நின்றது. "சென்சார் என்னங்க பண்ணும்? மருந்தே உள்ள போகலைங்களே" என்றார். வெந்நீரில் ஊறப் போட்டதும் அந்தக் கட்டி கரைந்து விழுந்தது. டேங்கைக் காலி செய்து, சீல் உடைக்காத கேனிலிருந்து புது ஆட்ப்ளூ ஊற்றி, பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு, சேலம் ரோட்டில் ஒரு நீண்ட ஓட்டம் போனோம். எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். அதற்கப்புறம் விளக்கு எரியவே இல்லை.

பிரிண்டவுட்டில் அவர் இன்னொன்றையும் காட்டினார். பழுதுக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம்: 212 கிலோமீட்டர். மீட்டரோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், கார் என் கைக்கு வந்த அன்றுதான் அழித்திருக்கிறார்கள். டீலருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பழைய டீசல் கார் பார்க்கப் போகும்போது இந்தக் குறியீடுகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் ஒன்று கையில் இருந்தால் போதும். அந்தத் தூரம் வெறும் ஐம்பது, நூறு என்று காட்டினால், ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

டீலர் இப்போது போனே எடுப்பதில்லை. சர்வீஸ் சென்டர் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று மெயில் அனுப்பியிருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் இருவர் மீதும் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. அந்தப் பிரிண்டவுட், ஜாப் கார்டு, இரண்டு பில், நாமக்கல்லில் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் அதற்காக ஒரே ஃபைலில் சேர்த்து வைத்திருக்கிறேன்.