அளவைக் குறைப்பதா, நேரத்தைச் சுருக்குவதா, தட்டை மாற்றுவதா?

முதுமையைத் தள்ளிப்போடவும் இதயத்தைக் காக்கவும் இப்போது மூன்று வழிகள் சொல்கிறார்கள். தினமும் கலோரியைக் குறைப்பது ஒன்று. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்வது இன்னொன்று. அளவைத் தொடாமல், சாப்பிடும் பொருளை மாற்றுவது மூன்றாவது. இதயத்துக்கு என்றால் என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

முதல் வழிக்கு நல்ல ஆதாரம் அமெரிக்காவில் நடந்த காலெரி (CALERIE) ஆய்வு. பருமன் இல்லாத 200-க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை இரண்டு ஆண்டுகள் 25% கலோரியைக் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாக அவர்களால் முடிந்தது 12% தான். நாளுக்குச் சுமார் 300 கலோரி, ஏறக்குறைய ஒன்றரை கப் சோறு. அதற்கே எடை 7.5 கிலோ இறங்கியது. கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தன, அதுவும் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு. இது சாதாரண விஷயம் இல்லை. முதுமை? டிஎன்ஏ மீதுள்ள ரசாயனக் குறிகளை வைத்து மூப்பின் வேகத்தைக் கணிக்கும் ஒரு முறை, 2 முதல் 3% வேகம் குறைந்ததாகக் காட்டியது. அதே குறிகளை வைத்து உடலின் வயதைக் கணிக்கும் வேறு முறைகளில் மாற்றம் தெரியவில்லை. அதனால் ஆயுள் கூடும் என்று இதை வைத்து யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆயுளைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் குரங்குகளிடம் போக வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் கலோரியை 30% குறைத்த ரீசஸ் குரங்குகளுக்கு இதய நோய் பாதியாகக் குறைந்ததாகவும், முதுமை சார்ந்த மரணங்கள் குறைந்ததாகவும் 2009-இல் அறிவித்தார்கள். 2012-இல் அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், கலோரியைக் குறைத்த தன் குரங்குகள் கூடுதலாக வாழவில்லை என்றது. ஏன் இந்த முரண்? தீவனத்தைப் பாருங்கள். விஸ்கான்சின் தீவனத்தில் சர்க்கரை மட்டும் 28%-க்கு மேல்; ஒப்பீட்டுக் குரங்குகள், அதாவது கலோரி குறைக்காதவை, அதை இஷ்டம்போல் தின்றன. மற்ற இடத்தில் சர்க்கரை சுமார் 4%, தானியமும் மீனும் கலந்த தீவனம், ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளவுச் சாப்பாடு. அங்கே குறைப்பதால் ஆயுள் கூடவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. என் பார்வையில், இந்தத் துறையில் கிடைத்த பெரிய பாடமே இந்த முரண்தான்.

நேரச் சுருக்கத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சீனாவின் குவாங்சோவில் பருமனான 139 பேருக்கும் ஒரே மாதிரி கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பாதியினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் அவர்களுக்கு 8 கிலோவும் மற்றவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன. புள்ளியியல்படி அது பெரிய வித்தியாசம் இல்லை. ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் அப்படியே. இரவில் நொறுக்குத் தீனியை நிறுத்த இந்த வழி உதவினால் சரி, பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாரடைப்புக் கணக்குக்கு வருவோம். லுக் அஹெட் ஆய்வில் 5,145 நீரிழிவு நோயாளிகள். ஒரு பிரிவினர் கலோரியைக் குறைத்து, உடற்பயிற்சியும் செய்து எடை குறைத்தார்கள். சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. ஆனால் சுமார் பத்து ஆண்டுகளிலும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வில் 7,447 பேர். கலோரிக் கட்டுப்பாடே கிடையாது. காய்கறி, பழம், பயறு, மீன் அதிகமுள்ள மத்தியதரைக்கடல் உணவோடு ஆலிவ் எண்ணெய் அல்லது தினம் 30 கிராம் பாதாம், வால்நட் போன்ற கொட்டைகள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு, கொழுப்பைக் குறைக்கச் சொன்ன பிரிவைவிட சுமார் 30% குறைந்தது. ஆட்களைப் பிரித்த முறையில் பிழை இருந்ததால் 2018-இல் திருத்தி வெளியிட்டார்கள். முடிவு ஏறத்தாழ அதேதான். இரண்டிலும் சேர்ந்தவர்கள் வேறு வேறு மாதிரி என்பதால் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனாலும் எனக்கு எடை இயந்திரத்தின் எண்ணைவிட மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்து குறைந்த எண்ணிக்கையே முக்கியம்.

தொப்பை விழ ஆரம்பித்த நாற்பது வயதுக்காரர் தட்டை மாற்றி, அதோடு அந்த 300 கலோரியையும் குறைக்கலாம். மெலிந்த முதியவர்களிடம் மட்டும் கலோரியைக் குறைக்கச் சொல்லாதீர்கள். காலெரி ஆய்வில் கொழுப்போடு தசையும், இடுப்பு, முதுகெலும்பின் அடர்த்தியும் குறைந்தன. அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் சேரும்போது 50 வயதைத் தாண்டாதவர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது.