கார்ட் கடனை வேறு வங்கிக்கு மாற்றும் திட்டம்: ஹட்டன், நுவரெலியா வாசிகளுக்கு

மாற்றும் கடனுக்கு 12 மாதம் வட்டியில்லை, ஒரு தடவை 5 வீதக் கட்டணம். இப்படியொரு திட்டம் கிடைத்தால் எங்கள் மதிப்பீடு: எடுக்கலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு.

2 இலட்சம் ரூபா கடன், பழைய கார்டில் வருட வட்டி 28 வீதம் என்று வைப்போம். மாதம் 17,500 ரூபா கட்டினால் தீர 14 மாதம் ஆகும், வட்டி மட்டும் சுமார் 35,000. மாற்றினால் கட்டணம் 10,000, அதே 17,500 வீதம் 12 மாதத்தில் முடியும். மிச்சம் 25,000 ரூபா. மலையகக் குடும்பத்துக்கு அது சின்னக் காசில்லை. கட்டணம் 10 வீதமென்றால் மிச்சம் சுமார் 15,000 ஆகக் குறைந்துவிடும்.

பலர் சறுக்குவது பழைய கார்டில்தான். பணம் போய்ச் சேர நாளெடுக்கும். அதுவரை அங்கே குறைந்தபட்சத் தொகையைக் கட்டியே ஆகவேண்டும். கடைசி ஸ்டேட்மென்டுக்குப் பிறகு ஏறிய வட்டியும் மாறாமல் அங்கேயே நிற்கும். மீதி பூச்சியம் என்று எழுத்தில் வாங்கியபின் கார்டை மூடுங்கள். சிறு பாக்கியும் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் ஏறலாம், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

புதிய கார்டில் சாமான் வாங்காதீர்கள். அந்தச் செலவுக்குச் சலுகை பெரும்பாலும் கிடையாது.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: ஒரு தவணை தவறினால் சலுகை ரத்தாகுமா? முன்கூட்டியே தீர்த்தால் அபராதமா? மரக்கறி விலையோடு வருமானம் ஏறி இறங்கும் தோட்டக்காரருக்கு முதல் கேள்விதான் முக்கியம். அவருக்கு 24 மாதத் தவணையே பாதுகாப்பு, கட்டணம் சற்றுக் கூடினாலும்.