மணிக்கட்டில் 84, மார்பில் 120: ஒரு துடிப்புச் சீரின்மைப் பிரிவில் ஓராண்டு

இதயச் செயலிழப்பும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் துடிப்புச் சீரின்மையும் சேர்ந்தே இருக்கும் என் அப்பாவை, 2024 ஜனவரி முதல் சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் இதய மின்னியல் பிரிவில் காட்டி வருகிறோம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஒரு பிரிவில் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதே நிலையில் உள்ள குடும்பங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அப்பாவுக்கு வயது 68. 2019-இல் மாரடைப்பு வந்தது. 2024-இன் தொடக்கத்தில் கால் வீங்கி, மூன்று தலையணை இல்லாமல் படுக்க முடியாத நிலைக்கு வந்திருந்தார். எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 28 சதவீதம். வீட்டு இரத்த அழுத்தக் கருவியோ நாடித்துடிப்பை 84 என்றே காட்டிக்கொண்டிருந்ததால், துடிப்பில் கோளாறு இல்லை என்று நாங்களும் நம்பிவிட்டோம். முதல் நாள் அந்தப் பிரிவின் செவிலியர் அப்பாவின் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ண, இன்னொரு செவிலியர் அதே நேரத்தில் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம். கையில் 84, மார்பில் 120. “மிச்சம் 36 துடிப்பு கைக்கு வந்தே சேரலை ஐயா, இதயம் சும்மா அடிச்சிட்டு இருக்கு” என்று அவர் சொன்னபோதுதான், மூன்று மாதமாக எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்த எண் எது என்பது புரிந்தது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பேரின் ஒரு நிமிடம் தேவைப்பட்டது. இந்தப் பிரிவுக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்த ஒரு நிமிடத்துக்கே உரியது.

மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது கீழறைக்குள் கடைசியாகத் தள்ளப்பட வேண்டிய இரத்தம் குறைந்துபோகிறது. துடிப்பின் வேகம் கூடக்கூட கீழறை நிரம்பவும் நேரம் கிடைப்பதில்லை. அப்படிக் களைத்த கீழறையின் பின்னழுத்தம் மேலறையை மேலும் விரிவாக்கி நடுக்கத்தை வளர்க்கிறது. இதை மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் நான்கு கட்டங்கள் வரைந்து விளக்கினார். பம்பிங் குறைந்ததால் துடிப்பு கெட்டதா, துடிப்பு கெட்டதால் பம்பிங் குறைந்ததா என்பது துடிப்பைச் சீராக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றும் மறைக்காமல் சொன்னார். வேறோரிடத்தில் உடனே ஐசிடி பெட்டி (ஆபத்தான துடிப்பு வந்தால் தானாக மின்அதிர்ச்சி கொடுக்க உடலுக்குள் வைக்கும் கருவி) வைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். பம்பிங் 35 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் முறையான சிகிச்சைதான். ஆனால் துடிப்பு சீரானபின் பம்பிங் எங்கே நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம் என்பது இவரது கருத்து.

மருந்துகளில், எதைக் கொடுத்தார்கள் என்பதைவிட எதை நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முன்பு காட்டிய இடத்தில் துடிப்பைக் குறைக்க எழுதியிருந்த டில்டியாசெம், பலவீனமான இதயத்தின் சுருங்கும் திறனை மேலும் குறைக்கும் என்பதால் முதல் நாளே நிறுத்தப்பட்டது. மூட்டுவலிக்காக அப்பா மருந்துக்கடையில் தானே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபெனாக், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும் என்பதால் அதுவும் போயிற்று. துடிப்பைச் சீராக்கும் ஃபிளெக்கனைடு போன்ற மாத்திரைகள் ஏன் கூடாது என்று நானே கேட்டேன். மாரடைப்பு வந்தவர்களிடம் அதைச் சோதித்த காஸ்ட் ஆய்வில், மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 1989-இல் அந்தப் பகுதியையே நிறுத்த வேண்டியதாயிற்றாம். துடிப்பைச் சீராக்கும் மருந்துகளில் மீதி இருப்பது பெரும்பாலும் அமியோடரோன்தான். அது தைராய்டு, கல்லீரல், நுரையீரல் மூன்றையும் தொடக்கூடியது. பக்கவாதத்தைத் தடுக்க, இரத்தம் உறையாமல் காக்கும் அபிக்சபான் காலையும் மாலையும்.

மூன்று வாரம் அபிக்சபான் கொடுத்த பிறகு, அமியோடரோனுடன், மயக்கத்தில் மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கினார்கள். அடுத்த ஐந்து வாரம் அப்பா மாடிப்படி ஏறினார், ஒரு தலையணையில் தூங்கினார். ஏப்ரலில் நடுக்கம் திரும்பியது. மூச்சுத்திணறலும் கூடவே வந்தது. நடுக்கம் கிளம்பும் இடத்தைக் குழாய் வழியே சூடு வைத்துத் துண்டிக்கும் அப்லேஷனுக்குச் சம்மதிக்க எங்களுக்கு அந்த ஐந்து வாரமே போதுமான சான்றாக இருந்தது. ஆனாலும் மருத்துவர் ஆய்வுகளின் இரு பக்கத்தையும் சொன்னார். மருந்தால் துடிப்பைச் சீராக்குவது, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதைவிட உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று 2008-இல் வெளியான ஏஎஃப்-சிஎச்எஃப் ஆய்வு காட்டியது. 2018-இல் வெளியான காசில்-ஏஎஃப் ஆய்விலோ, இறப்பு அல்லது இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது அப்லேஷன் செய்தவர்களில் 28.5 சதவீதமாகவும், மருந்தில் மட்டும் இருந்தவர்களில் 44.6 சதவீதமாகவும் இருந்தது. அந்த 363 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எல்லா நோயாளிக்கும் இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது என்ற எச்சரிக்கையையும் அவரே சேர்த்துக்கொண்டார்.

மே மாதம் அப்லேஷன். மேலறையில் இரத்தக்கட்டி இல்லை என்று உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து உறுதி செய்தபின், தொடைச் சிரை வழியே குழாயைச் செலுத்தி, நுரையீரல் சிரைகள் நான்கும் இடது மேலறையைச் சேரும் வாய்களைச் சுற்றிச் சூடு வைத்தார்கள். நடுக்கத்தைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் அந்தச் சிரைகளிலிருந்துதான் கிளம்புகின்றன என்பது 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் கண்டறிந்தது. குழாய் முனையைக் குளிர்விக்க உப்புநீர் செலுத்துவதால் அதுவே செயலிழந்த இதயத்துக்குச் சுமையாகிவிடும். அன்றிரவு அப்பாவின் எடை 1.4 கிலோ கூடியிருந்தது. இரவுப் பணியில் இருந்த செவிலியர் அதைக் கவனித்து மருத்துவரை அழைத்து, நீர் பிரியும் ஊசி போட்டு, விடிந்ததும் மறுபடி எடை பார்த்தார்.

இனி குறைகள். பேக்கேஜ் 3,60,000 ரூபாய் என்றார்கள். கையில் வந்த பில் 4,15,000. இதயத்துக்குள் மின்துடிப்பின் வரைபடம் எடுக்கும் குழாயின் விலை பேக்கேஜில் சேராது என்பதை முன்பணம் கட்டும் கவுண்டரில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி முழுவதும் ஆங்கிலம். அப்பாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அடுத்த இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோ விழுங்குவதில் வலியோ வந்தால் உடனே வர வேண்டும் என்ற வரி, உணவுக்குழாயில் துளை விழும் அரிதான ஆபத்தைப் பற்றியது. உயிர் சம்பந்தப்பட்ட அந்த வரி மூன்றாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. அதே செவிலியர்தான் பேனாவால் ஓரத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும்விட எனக்கு மன்னிக்க முடியாததாகப் பட்டது, அமியோடரோன் சாப்பிடுபவருக்குத் தைராய்டு பரிசோதனை எப்போது செய்ய வேண்டும் என்று சம்மரியில் ஒரு சொல்கூட இல்லாததுதான். ஜூலையில் அப்பா சோர்ந்து போனதை இதயத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டோம். எங்கள் ஊர் மருத்துவர் சந்தேகப்பட்டு டிஎஸ்எச் என்னும் தைராய்டு இரத்தப் பரிசோதனை பார்த்தபோதுதான் தைராய்டு குறைந்திருப்பது தெரிந்தது.

ஆகஸ்டில் அமியோடரோனை நிறுத்திவிட்டார்கள். நவம்பர் எக்கோவில் பம்பிங் 44 சதவீதம். பழைய மாரடைப்பின் தழும்பு இருப்பதால் அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். ஐசிடி பேச்சு இப்போதைக்கு இல்லை. துடிப்பு சீராக இருந்தாலும் அபிக்சபானை நிறுத்தக் கூடாது.

மருத்துவத்துக்கு ஐந்துக்கு நாலரை, கவுண்டருக்கும் காகிதங்களுக்கும் இரண்டு. செல்பவர்கள் காலை எட்டு மணிக்குள் டோக்கன் வாங்கிவிடுங்கள். பழைய சீட்டுகளை மட்டும் நம்பாமல், மருந்துக்கடையில் நீங்களே வாங்கியவை உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். அங்கே அந்தப் பையைத்தான் முதலில் பிரித்துப் பார்க்கிறார்கள்.