சப்வூஃபர் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா, நான்கா?

எத்தனை சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சத்தத்தை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். சத்தம் போதவில்லை என்றால் இன்னும் பெரிய ஒன்றை வாங்கினாலே தீர்ந்தது. இரண்டாவது பெட்டி தேவையா என்பதை முடிவு செய்வது அறையில் எத்தனை இருக்கைகள் என்பதுதான்.

4 மீட்டர் அகல அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே மோதித் திரும்பும் ஒலி 43 ஹெர்ட்ஸ் வாக்கில் அப்படியே தேங்கி நிற்கும். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் மூலையில் இருந்தால் அந்தத் தந்தி சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்குக் காதை அடைக்கும், நடுவில் இருப்பவருக்கோ பாதி காணாமல் போயிருக்கும். இங்கே ஈக்வலைசரை (ஒவ்வொரு அதிர்வெண்ணின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் வசதி) நம்ப வேண்டாம்: சத்தம் கூடிய மேட்டைத் தட்டிவிடலாம், குறைந்த பள்ளத்தை நிரப்ப முடியாது, ஏற்ற ஏற்ற ஆம்ப்ளிஃபையர்தான் திணறும்.

தனி ஆளாகக் கேட்பவருக்கு ஒன்றே தாராளம். பெட்டியைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்து, பேஸ் ஒலிக்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே அதை வைத்துவிட்டால் (பார்க்கக் கேலியாகத்தான் இருக்கும்) பாதி வேலை முடிந்தது.

மூன்று பேர் உட்காரும் சோபா என்றால் இரண்டுக்குப் போங்கள். எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளியில் வைத்தால் அந்த 43 ஹெர்ட்ஸ் தேக்கத்தை ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமுமாகத் தள்ளி அடக்கிவிடும். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் செவ்வக அறைகளை வைத்துச் செய்த ஆய்வில், நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைப்பது சிறப்பாக வந்தது; எதிரெதிராக வைத்த இரண்டு அதற்கு வெகு அருகில் வந்தது, நான்குக்கு மேல் போய்ப் பெரிய பயன் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே மூலையில் அடுக்கினால் 6 டெசிபல் கூடும், அவ்வளவுதான், மேடுபள்ளம் அப்படியேதான் இருக்கும்.

அதனால் ஒரே காசுக்குப் பெரியது ஒன்றா சிறியது இரண்டா என்றால் என் ஓட்டு இரண்டுக்கு. 30 ஹெர்ட்ஸ் வரை கூடக் கீழே இறங்காத பொம்மைப் பெட்டிகளாக இருந்தால் மட்டும் வேண்டாம். இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும், ஒன்று போர்ட் (காற்றுத் துளை) வைத்ததும் மற்றது மூடியதுமாக இருந்தால் இரண்டின் ஒலி அலைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காமல், அதாவது ஃபேஸ் ஒத்துவராமல், படுத்தும்.

நான்கு? இரண்டு வரிசை இருக்கை போட்டவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு வயரும் இடமும்தான் வீண். அறை எல் வடிவிலோ ஒரு பக்கம் திறந்தோ இருந்தால் இந்த நடுப்புள்ளிக் கணக்கெல்லாம் அப்படியே பலிக்காது. மூன்றாவது பெட்டிக்கு ஒதுக்கிய காசில் முதலில் ஒரு அளவீட்டு மைக் வாங்கி, ஒவ்வொரு இருக்கையிலும் வைத்து அளந்து பாருங்கள்.