ரெஜெக்ஸ் போட்டுத் தேடி மாற்ற: விஎஸ் கோடா, நோட்பேட்++ஆ, விம்மா?

ரெஜெக்ஸ் (தேட வேண்டியதன் வடிவத்தைக் குறியீடுகளால் எழுதும் முறை) போட்டுத் தேடி மாற்றும் வேலை வந்தால் நான் இப்போது திறப்பது விஎஸ் கோடு என்ற எடிட்டரைத்தான். அதற்கு முன்பு பல காலம் நோட்பேட்++. விம், சர்வரில் வேறு எடிட்டர் இல்லாதபோது மட்டும். மூன்றும் இலவசம், மூன்றிலும் அண்டு (செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுவது) உண்டு. ".*" என்று எழுதினால் மூன்றுமே வரியின் முதல் மேற்கோள் குறியிலிருந்து கடைசிக் குறிவரை வாரிச் சுருட்டிக்கொள்ளும். இதையெல்லாம் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

எனக்குத் தீர்மானமாக இருந்தது ஒரே கேள்வி: நாம் கேட்காமலேயே பேட்டர்ன் (நாம் எழுதும் தேடல் வடிவம்) அடுத்த வரிக்குத் தாவுகிறதா?

இப்படி ஒரு ஃபைல் இருக்கிறது என்று வையுங்கள்:

"சிவப்பு", 12
"பச்சை, 7
"நீலம்", 30
"கறுப்பு", 4

இரண்டாம் வரியில் மூடும் குறி விட்டுப்போயிருக்கிறது. மேற்கோளை எல்லாம் சதுர அடைப்பாக மாற்ற "([^"]*)" என்று தேடி, [$1] என்று மாற்றச் சொல்கிறோம்; $1 என்பது வட்ட அடைப்புக்குள் பிடிபட்ட பகுதி, அதாவது முதல் குழு. நோட்பேட்++இல் முதல் வரி ஒழுங்காக மாறும். இரண்டாம் வரியில் மூடும் குறியைத் தேடிப் போகும் பேட்டர்ன், வரியைத் தாண்டி நீலத்தின் தொடக்கக் குறியில் போய் நிற்கும். அங்கிருந்து எல்லாமே தலைகீழ்: நீலத்தை மூடும் குறி, திறக்கும் குறி ஆகிவிடுகிறது, அடைப்புக்குள் சிக்குவது ", 30" பகுதியும் வரிமுறிவும். ஃபைல் பத்தாயிரம் வரி என்றால், அடுத்த பிசகு வரும்வரை அத்தனையும் இப்படித்தான்.

இதை பக் என்று சொல்ல முடியாது. [^"] என்றால் ‘மேற்கோள் குறி தவிர எதுவும்’, வரிமுறிவும் அந்த ‘எதுவும்’தானே! ‘புள்ளி வரிமுறிவையும் பிடிக்கலாம்’ என்ற டிக்கை எடுத்துவிட்டாலும் பயனில்லை, அது புள்ளிக்கு மட்டும்தான். வரிமுறிவு எழுத்துகளையும் அந்த அடைப்புக்குள் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது ஞாபகத்துக்கு வர வேண்டுமே.

விஎஸ் கோடில் இரண்டாம் வரி தொடப்படாமல் அப்படியே நிற்கும், மற்றவை சரியாக மாறும். பேட்டர்னில் வரிமுறிவை நாமே வெளிப்படையாக எழுதாதவரை அது பொதுவாக வரிவரியாகத்தான் தேடுகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. பல வரிகளைச் சேர்த்துப் பிடிக்க நினைத்து, எல்லா எழுத்தையும் பிடிக்கும் [\s\S] என்ற கிளாஸை (சதுர அடைப்பில் எழுதும் எழுத்துத் தொகுதியை) எழுதினாலும் ஒன்றும் சிக்காது. வரிமுறிவுக் குறியை (\n) பெயருக்காவது உள்ளே சேர்க்க வேண்டும். எரிச்சல்தான். ஆனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது உடனே கண்ணில் படும், ஃபைல் கெட்டது படாது.

விம்மும் இந்த விஷயத்தில் ஒழுங்கு: [^"] வரி தாண்டாது, தாண்ட வேண்டுமானால் \_[^"] என்று கேட்க வேண்டும். அங்கே உதைப்பது வேறு இடத்தில். வட்ட அடைப்புக்குறிக்கும் + குறிக்கும் சிறப்புப் பொருள் வர, முன்னால் பேக்ஸ்லாஷ் வேண்டும். மாற்றும் பக்கம் & என்றால் ‘பிடித்தது முழுவதும்’ என்று பொருள்; ‘மற்றும்’ என்பதை & ஆக மாற்றச் சொன்னால் ‘மற்றும்’ இடத்தில் ‘மற்றும்’ வந்து உட்காரும், இத்தனை மாற்றங்கள் என்று கணக்கும் காட்டும்! \& என்று எழுதினால்தான் குறி வரும். விம்மில் ஊறியவர்களுக்கு இதெல்லாம் அனிச்சையாகிவிடுமாம். நான் அந்த அளவுக்குப் போனதில்லை.

மாற்றும் பெட்டியில் நோட்பேட்++உம் லேசுப்பட்டதல்ல. தேதியை அடைப்புக்குள் போட ($3.$2.$1) என்று எழுதினால் தேதி வரும், அடைப்பு வராது. அங்கே அடைப்புக்குறிக்கு வேறு வேலை இருப்பதால் \( \) என்று எழுத வேண்டும். விஎஸ் கோடில் அதே வரி அப்படியே வேலை செய்யும். அங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது டாலர் குறியைத்தான்: பிடித்த குழு ஒன்று இருக்கும்போது $100 என்று எழுதினால் அந்தக் குழுவும் இரண்டு பூஜ்யங்களும் வரும், $$100 என்றால் சரி.

விஎஸ் கோடில் எனக்குப் பிடிக்காதது, திறந்த ஃபைலில் தேடுவது ஒரு எஞ்சின், ஃபோல்டர் முழுக்கத் தேடுவது இன்னொரு எஞ்சின் என்பது. (?<=".*) போன்ற நீளம் வரையறுக்காத லுக்பிஹைண்ட் (பிடிக்கும் இடத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் நிபந்தனை) முதலாவதில் ஓடும், இரண்டாவதில் ஓடாது. அதனால் ஃபோல்டர் அளவில் மாற்றும்போது மட்டும், வரும் பட்டியலைக் கொஞ்சம் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக மாற்றும் பட்டனை அழுத்துகிறேன்.